வடலூர் பந்தியில பக்கத்துல உக்காந்தவர்

போன மாசம் ஒரு வேலையா பண்ருட்டி போயிருந்தேன், மதியத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு, அப்படியே பஸ் ஏறி வடலூர் போயிட்டேன். சின்ன வயசுல தைப்பூசத்துக்கு அம்மாவோட போனது, அப்ப கூட்டத்துல ஜோதியும் தெரியல ஒண்ணும் தெரியல. இந்த தடவை சாதாரண நாள், தர்மசாலையில நிதானமா உக்காந்து சாப்பிட முடிஞ்சது. 1867ல வள்ளலார் பத்த வெச்ச அடுப்பு இன்னும் அணையாம எரியுது, அந்த அடுப்புல வெந்த சோறு.

பந்தியில எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர். சோறு விழுந்த உடனே, சாம்பார் வர்றதுக்குள்ள, பாதிய அள்ளி மஞ்சப்பைக்குள்ள இருந்த கவர்ல போட்டுகிட்டார். பார்த்ததும் எனக்கு கோவம் வந்துச்சு. எல்லாருக்கும் போடற சோறு, இவர் இப்படி பண்றாரேன்னு. பரிமாற வந்த தம்பி கண்டிப்பா அதைப் பார்த்திருப்பார். "இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா ஐயா"ன்னு கேட்டு ரெண்டு கரண்டி வெச்சுட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டார், முகத்துல ஒரு மாத்தமும் இல்ல.

பசிச்சு வந்தவங்க எந்த தேசம், எந்த சமயம், எந்த சாதி, எந்தச் செய்கை உள்ளவங்களா இருந்தாலும் அதெல்லாம் விசாரிக்காம பசியை ஆத்தணும்னு வள்ளலார் ஜீவகாருண்ய ஒழுக்கத்துல எழுதியிருக்கார். சாதி, சமயம் வரைக்கும் நான் பல தடவை பேசியிருக்கேன். 'செய்கை'ங்கற வார்த்தையை மட்டும் இத்தனை வருஷமா தாண்டித் தாண்டிப் போயிருக்கேன் போல. சாதி பார்க்காம இருக்கறதுகூட எனக்கு முடியுது, ஆனா ஒருத்தர் யோக்கியமானவரான்னு பார்க்காம ஒரு பத்து ரூபா குடுக்க கை வர மாட்டேங்குது.

எங்க வீட்ல வேலை செய்யற அக்கா ஜூன் மாசம் பையனுக்கு ஃபீஸ் கட்டணும்னு ரெண்டாயிரம் கேட்டாங்க. குடுத்தேன். குடுக்கும்போதே "ரசீது கொண்டு வாங்கக்கா"ன்னு சொன்னேன், ஏன் சொன்னேன்னு இப்ப யோசிச்சா பதில் இல்ல. மறுநாள் நாலா மடிச்ச ரசீதை டேபிள் மேல வெச்சுட்டு ஒண்ணும் பேசாம உள்ள போனாங்க. நான் அதை எடுத்து ட்ராயர்ல போட்டுட்டேன், பத்திரமா.

சாப்பிட்டுட்டு ஞானசபைக்குப் போய் கொஞ்ச நேரம் உக்காந்தேன். ஜோதிக்கு முன்னாடி ஏழு திரை, தைப்பூசத்தன்னைக்குத்தான் ஏழும் விலகும். இத்தனை நாள் திரைன்னா பெரிய தத்துவம்னு நெனச்சுகிட்டு இருந்தேன், அன்னிக்கு எனக்கு அந்த ரசீதுதான் கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு.

பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது கண்ணு அந்தப் பெரியவரைத்தான் தேடுச்சு, அந்த சோத்தை யாருக்காவது குடுக்கறாரான்னு. பேரப்புள்ளைக்கோ முடியாத பொண்டாட்டிக்கோ கொண்டு போறதைப் பார்த்துட்டா மனசு ஆறிடும்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் தேடுனதுக்கு அப்புறம்தான் உறைச்சது, நான் இன்னும் விசாரிச்சுகிட்டுதான் இருக்கேன்னு.

மறுநாள் காலையில ட்ராயர்ல இருந்து அந்த ரசீதை எடுத்து அக்கா கையில குடுத்தேன். "இதை நான் கேட்டிருக்கக் கூடாதுக்கா." அவங்க என்னையும் ரசீதையும் ஒரு நிமிஷம் பார்த்தாங்க, அப்புறம் அதை புடவைத் தலைப்புல முடிஞ்சுகிட்டு பாத்திரம் தேய்க்கப் போயிட்டாங்க.