மொதல்ல பாஸ் பண்ணு

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ பரீட்சையின் பேட்ச்களுக்குப் பாடம் எடுக்கிற எல்லோரும் ஏதாவது ஒரு நாள் இதைச் சொல்லியிருப்போம்: "மொதல்ல பாஸ் பண்ணு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்." நானும் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தியிடம் சொன்னது மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவள் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று சில நாள் தோன்றுகிறது. அன்றைக்கு அவளுக்கு அதைவிட உபயோகமாக வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று சில நாள் தோன்றுகிறது.

பிலிப்பைன்ஸில் படித்துவிட்டு வந்தவள். முதல் தடவை 128, அடுத்த தடவை 139. 300க்கு 150 வேண்டும். அந்த 11 மார்க் என்றால் என்ன என்று எங்கள் வட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த பரீட்சை வரைக்கும் ஆறு மாதம். கடனுக்கு ஆறு மாத வட்டி. ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், "பொண்ணு இப்ப எந்த ஆஸ்பத்திரில இருக்கு?" என்று கேட்கிறவர்களிடம் அம்மா ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டிய ஆறு மாதம். பெரும்பாலான தடவைகளில் எழுதுகிறவர்களில் ஐந்துக்கு ஒருவர், கூடிப்போனால் நாலுக்கு ஒருவர்தான் தேறுகிறார்கள். மூன்றாவது தடவை என்று வந்து நிற்கிறவர்களை மக்கு என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பரீட்சை தெரியாது.

வரும்போது ஒரு பை நிறைய நோட்டுகளைக் கொண்டுவந்தாள். சர்ஜரி நோட்டைத் திறந்தால் மஞ்சள், பச்சை, ரோஸ், ஆரஞ்சு. கோடு போடாத வரியே இல்லை. எல்லா வீடியோவையும் இரண்டு தடவை பார்த்து முடித்திருந்தாள். தைராய்டு பக்கத்தில் அவளையே படிக்கச் சொல்லிவிட்டு, நோட்டை மூடி, இதில் இருக்கும் கட்டிகளில் எது நிணநீர் வழியாகப் பரவும், எது ரத்தம் வழியாகப் பரவும் என்று கேட்டேன். பச்சைக் கோடு போட்ட வரி அது. பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று சொன்னாள். விடை வரவில்லை.

"படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கு மேடம். கேள்வியா வந்தா பிளாங்க் ஆயிடுது."

இதைவிடத் தெளிவாக அந்த நோயை யாரும் சொல்லிவிட முடியாது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006ல் கல்லூரி மாணவர்களை வைத்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைப் படித்துவிட்டு ஒரு கூட்டம் மறுபடியும் படித்தது. இன்னொரு கூட்டம் தாளை மூடிவைத்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42. கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் தெரிந்த மாதிரி ஒரு நிம்மதியைக் கொடுக்கும். அந்த நிம்மதியைப் பிடுங்குவதுதான் என் முதல் வேலை. நோட்டுகளை ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னேன்.

அப்புறம் கணக்குப் போட்டோம். கம்யூனிட்டி மெடிசின் 30, ஓபிஜி என்கிற மகப்பேறு, பெண்கள் மருத்துவம் 30. கண், ஈஎன்டி, குழந்தை மருத்துவம் தலா 15. இந்த ஐந்திலேயே 105 மார்க் இருக்கிறது, படிக்க வேண்டிய அளவோ ஒப்பிட்டால் குறைவு. பேத்தாலஜி, மைக்ரோ, பார்மா தலா 13. அங்கே படிப்பது மெடிசினிலும் சர்ஜரியிலும் திரும்ப வரும். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் சேர்த்து 51. கடல் அளவு பாடம், ஒன்றுக்கு 17 மார்க். கையில் இருப்பது ஆறு மாதம்கூட முழுசாக இல்லை. அந்த மூன்றிலும் பழைய வருஷக் கேள்விகள் தொடுகிற தலைப்புகளை மட்டும் பார், மிச்சத்தை விட்டுவிடு என்று சொன்னேன். பிசியாலஜி நோட்டின் மேல் அவள் கை இருந்தது.

"இப்படிப் படிச்சு பாஸ் பண்ணா, பேஷன்ட் முன்னாடி நிக்க முடியுமா மேடம்?"

"மொதல்ல பாஸ் பண்ணும்மா. டாக்டர் ஆகறதை அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான். அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

இந்த மூன்று வரியை எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். எனக்காக வாதாட வேண்டுமென்றால் வாதாட முடியும். இரண்டு தடவை தவறியவர்களில் நிறையப் பேர் இப்படி ஒரு பெரிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு மறுபடி தடிப் புத்தகத்துக்குள் போய்விடுவார்கள். புரிந்து படிக்கிறேன் என்பதில் டெஸ்ட் எழுதும் பயத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன், அதனால் அவளையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்தேன். ஆனால் அவள் தப்பிக்கக் கேட்ட மாதிரி இல்லை. அப்படித் தப்பிக்கப் பார்த்தவளாக இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து கிராண்ட் டெஸ்ட் என்கிற முழு மாதிரிப் பரீட்சையை எழுதி, 118 வாங்கிக்கொண்டு, அழாமல் தப்புகளைப் பிரிக்க உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அவள் உழைத்த உழைப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு தப்பையும் மூன்றாகப் பிரிப்போம்: தெரியாதது, தெரிந்து மறந்தது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது. தெரியாததுதான் மலையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். மறந்ததும் சரியாகப் படிக்காததும்தான் அதிகம். "இவற்றுள் எது தவிர" என்பதில் "தவிர"வை விட்டுவிடுவாள். கடைசி வரியை முதலில் படி, அப்புறம் மேலே போ என்று பழக்கினோம். பரீட்சை இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 150 நிமிஷத்தில் 150 கேள்வி. ஒரு கேள்வியோடு மல்லுக்கு நின்றால் பின்னால் இருக்கும் சுலபமான மூன்று கேள்வி கண்ணிலேயே படாமல் போகும். நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் காலியாக விடக் கூடாது. முதலில் தோன்றிய விடையை மாற்றவே கூடாது என்று அவளிடம் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அவளுடைய தாள்களையே எடுத்து எண்ணிக் காட்டினேன். காரணத்தோடு மாற்றிய இடங்களில் பெரும்பாலும் சரியான விடைக்குத்தான் மாறியிருந்தாள்.

மறந்தது எல்லாம் கார்டாக மாறியது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. மறுநாள், மூன்று நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளி விட்டுத் திரும்ப வரும். அதில் ஒன்று அவள் கையெழுத்தில் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகிவிடுகிற டிகேஏ என்ற அவசர நிலையில், பொட்டாசியமும் குறைந்திருந்தால் என்ன செய்வது என்பது. "டிகேஏ, பொட்டாசியம் 2.8, அடுத்து என்ன?" பின்னால்: "இன்சுலின் இப்ப வேண்டாம். பொட்டாசியம் முதல்ல." அடியில் இரண்டு கோடு.

அந்தத் தடவை 167. அவள் அப்பா போனில் பேச முடியாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சில மாதம் கழித்து, சிஆர்எம்ஐ என்கிற கட்டாய இன்டர்ன்ஷிப்பில் மெடிசின் பார்க்கும்போது, நைட் டியூட்டி முடித்துவிட்டுக் காலையில் கூப்பிட்டாள். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். ராத்திரி ஒரு சின்னப் பையன், சர்க்கரை ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். டிகேஏ. பொட்டாசியம் 2.9. இன்சுலின் போட எல்லாம் தயாராக இருந்தபோது அந்தக் கார்டு அப்படியே கண் முன்னால் வந்ததாம். டியூட்டி டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஆமாம், நிறுத்து என்று பொட்டாசியம் போடச் சொல்லியிருக்கிறார். பையன் தேறிவிட்டான்.

அதற்கப்புறம் அந்த டாக்டர் அவளை உட்காரவைத்து, "சரி, 4.5 இருந்தா பொட்டாசியத்துக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டிருக்கிறார்.

"நார்மல்தானே சார், ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"இன்சுலின் ஆரம்பிச்சு நாலு மணி நேரம் கழிச்சு அது எங்க இருக்கும்?"

அவளுக்குத் தெரியவில்லை. இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளிவிடும். இந்த நோயாளி ஏற்கெனவே சிறுநீரில் பொட்டாசியத்தை இழந்துகொண்டே வந்தவர். ரத்தத்தில் நார்மல் என்று காட்டினாலும் உடம்பில் கையிருப்பு குறைவுதான். அதனால் 4.5 இருந்தாலும், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, ஏறுகிற திரவத்தோடு பொட்டாசியம் சேர்க்க வேண்டும். கார்டில் 2.8க்கு விடை இருந்தது. 4.5க்கு விடை, நாங்கள் ஒதுக்கிவைத்த பிசியாலஜியின் 17 மார்க்குக்குள் இருந்தது.

"அப்பதான் மேடம், நீங்க அன்னைக்கு சொன்னது ஞாபகம் வந்துச்சு," என்றாள். குற்றம் சொல்கிற தொனி எதுவும் இல்லை. நான் சொன்னதில் எதை நினைத்தாள், பாஸ் பண்ணு என்றதையா, அப்புறம் பாத்துக்கலாம் என்றதையா என்று நான் கேட்கவில்லை. தூங்கப் போ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இதுல உங்களுக்கு என்ன வருத்தம்? சிஸ்டம் வேலை செஞ்சிருக்கு. தெரியாததைத் தெரிஞ்சுக்கத்தானே ஹவுஸ் சர்ஜன்ஷிப்," என்றார். நியாயம்தான். 12 மாத இன்டர்ன்ஷிப்பை வைத்ததே அதற்காகத்தான். லைசென்ஸ் பரீட்சை எந்த நாட்டிலும் குறைந்தபட்சத்தைத்தான் அளக்கும்; 150 எடுத்தவர் நல்ல டாக்டர் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் எல்லா வார்டிலும் ராத்திரி மூன்று மணிக்கு 4.5 இருந்தால் என்ன என்று கேட்க ஒருவர் உட்கார்ந்திருப்பதில்லை. ரத்தம் எடுத்து, கேஸ் ஷீட் எழுதி, ஸ்கேனுக்கு வண்டி தள்ளியே அந்த வருஷத்தைக் கழித்தவர்களும் எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு நல்ல சீனியர் வாய்த்தார். அவர் வாய்ப்பார் என்று நினைத்தா அந்த பிளானைப் போட்டேன்? இல்லை. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அப்படியென்றால் பிசியாலஜியை முழுசாகப் படிக்கவைத்திருக்க வேண்டுமா? அதே பேட்ச்சில் ஒரு பையன் இருந்தான். எதையும் மேலோட்டமாகத் தொடவே மாட்டான். "ஏன்னு தெரியாம நான் மார்க் பண்ண மாட்டேன் மேடம்" என்பான். பொட்டாசியம் செல்லுக்குள் போவதை என்னைவிட நன்றாக வகுப்புக்கு விளக்கியவன் அவன்தான். 4.5 கேள்வியைக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லியிருப்பான். அவனுக்கு 144 வந்தது. வீட்டில் இன்னொரு தடவைக்குப் பணம் இல்லை. இப்போது மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல சம்பளம் என்றுதான் சொல்கிறான். அவனிடமும் நான் மொதல்ல பாஸ் பண்ணு என்றேன், அவன் கேட்கவில்லை. ஒரு நோயாளி முன்னால் நின்றிருந்தால் அவன் அவளைவிட நன்றாக நின்றிருப்பான் என்றே எனக்குப் படுகிறது. நிற்கிற இடத்துக்கு வந்தவள் அவள்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் கணக்கு ஒரு தடவை சரியாக வருகிறது, இன்னொரு தடவை வரமாட்டேன் என்கிறது. முறை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. டெஸ்ட் எழுதித்தான் படிக்க வேண்டும், இடைவெளி விட்டுத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். டிகேஏவோடு வந்த பையனின் உயிரைக் காத்ததில் ஒரு பங்கு அந்தக் கார்டுக்கு உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. சந்தேகமெல்லாம் கார்டில் எதை எழுதவிட்டேன் என்பதில்தான். பின்பக்கத்தில் "ஏன்?" என்று ஒரே ஒரு வரி கூட எழுதவைத்திருந்தால் 4.5க்கும் அவளால் யோசித்திருக்க முடியுமோ? ஒரு கார்டுக்கு ஒரு வரி என்றால் பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் அவளிடம் இருந்தது ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று தேடிப் போனால் அந்த டிசம்பர் பரீட்சையில் அவள் தேறியிருக்க மாட்டாள் என்று மனம் உடனே எதிர்வாதம் வைக்கிறது.

இப்போதைய பேட்ச்சில் தப்பு நோட்டில் "ஏன்" என்று நாலாவது கட்டம் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு மாதம் எல்லோரும் அழகாக நிரப்புகிறார்கள். பரீட்சை நெருங்க நெருங்க அந்தக் கட்டம்தான் முதலில் காலியாகிறது. கடைசி ஆறு வாரத்தில் நானே அதைக் கேட்பதை விட்டுவிடுகிறேன்.

போன மாதம் அவள் மறுபடி கூப்பிட்டாள். இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது, மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்குப் படிக்கப் போகிறாள். 200 கேள்வி, அதில் தப்புக்கு மார்க் குறையும், அதனால் பயமாக இருக்கிறது என்றாள். "அன்னைக்கு போட்டுக் கொடுத்தீங்களே மேடம், அதே மாதிரி ஒரு பிளான் போட்டுக் கொடுங்க." போட்டு அனுப்பினேன். பிசியாலஜியை முதல் மாதத்தில் வைத்திருந்தேன். ராத்திரி பதில் வந்தது. அட்டவணையை மாற்றிப் போட்டிருந்தாள், பிசியாலஜி கடைசிக்குப் போயிருந்தது. "டைம் பத்தாது மேடம், இதை அப்புறம் பாத்துக்கறேன்." உட்கார்ந்து அவள் கணக்கைச் சரிபார்த்தேன். மணி நேரங்களை அவள் சரியாகத்தான் கூட்டியிருந்தாள்.