நான் முடக்கிய அச்சுச் சேவையும் பின்னணியில் ஓடும் மற்ற நிரல்களும்

எங்கள் வீட்டு விண்டோஸ் மடிக்கணினி 4 ஜிபி நினைவகமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் கொண்டது. அதை இயக்கிவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்தாலும் பிரவுசர் திறந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையிழந்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். நான் எதையுமே திறக்காத நிலையில் நூற்றுக்கும் மேற்பட்டவை அங்கே ஓடிக்கொண்டிருந்தன. சர்வீசஸ் என்ற பின்னணிச் சேவைகளின் பட்டியலுக்குச் சென்று, பெயர் விளங்காதவற்றை வரிசையாக முடக்கினேன். வேகம் கூடியது போலவும் தோன்றியது. மூன்று வாரங்கள் கழித்து, மகளின் தேர்வு நுழைவுச்சீட்டை இரவு பத்து மணிக்கு அச்சிட முயன்றபோது பிரிண்டரே இல்லை என்றது கணினி. கேபிளைக் கழற்றி மாட்டி, டிரைவரை மீண்டும் நிறுவி, ஒரு மணி நேரம் போராடிய பிறகுதான், அச்சுப் பணிகளை வரிசைப்படுத்திப் பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்ற சேவையை நானே முடக்கியது நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு, ஒரு நிரல் எங்கிருந்து வந்தது, அதைத் தொடங்கி வைப்பது எது என்ற இரண்டும் தெரியாமல் எதிலும் கை வைப்பதில்லை.

என்னை முதலில் மிரட்டியது, சர்வீஸ் ஹோஸ்ட் என்ற ஒரே பெயர் ஐம்பது அறுபது முறை வந்திருந்ததுதான். அது வைரஸ் அன்று. விண்டோஸ் சேவைகளைத் தனக்குள் வைத்து இயக்கும், ஓடு போன்ற ஒரு நிரல். முன்பு பல சேவைகள் ஓர் ஓட்டுக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்தின. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி ஓடு தரப்படுகிறது. ஒன்று முறிந்தால் மற்றவை விழாமல் இருக்கவும், எது எவ்வளவு நினைவகத்தை எடுக்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் இந்த ஏற்பாடு உதவுகிறது. ஆயினும் இந்தப் பெயரில் ஓரெழுத்தை முன்பின்னாக மாற்றிக்கொண்டு ஒளிந்திருக்கும் தீநிரல்களும் உண்டு என்பதால், ஐயம் எழும்போது வலப்பக்கச் சொடுக்கில் ஓப்பன் ஃபைல் லொகேஷன் கொடுத்துப் பார்க்கிறேன். உண்மையான சர்வீஸ் ஹோஸ்ட் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம்32-இல் இருக்க வேண்டும். டவுன்லோட்ஸ் கோப்புறையிலோ டெம்ப் கோப்புறையிலோ அதே பெயர் இருந்தால் உடனே வைரஸ் சோதனை நடத்த வேண்டியதுதான். (சிஸ்டம் ஐடில் பிராசஸ் 95 சதவீதம் காட்டுகிறது என்று என் மைத்துனர் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். அது பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு.)

ஓடும் நிரலை எண்ட் டாஸ்க் கொடுத்து நிறுத்துவதில் பெரிய பயனில்லை, மறுமுறை கணினியை இயக்கும்போது அது திரும்ப வந்துவிடும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் முடக்குவதே முறை. தொடக்கத்தை ஒரு நிரல் எவ்வளவு பாதிக்கிறது என்பதற்கு அங்கே ஹை (அதிகம்) என்று குறித்திருப்பதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. தொடக்கத்தின்போது ஒரு விநாடிக்கு மேல் பிராசஸர் நேரத்தையோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வாசிப்பு எழுத்தையோ எடுத்தாலே அந்தக் குறி விழுந்துவிடும். அந்தப் பகுதியில் தோன்றாமல் நிரல்களைக் குறித்த நேரத்தில் இயக்கும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக நுழைபவையும் உண்டு. அவற்றைப் பிடிக்க, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ஆட்டோரன்ஸ் கருவியைப் பயன்படுத்துகிறேன். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும்படி அதில் அமைத்துவிட்டால், நாமே நிறுவிய நிரல்கள் கொண்டுவந்தவைதாம் பெரும்பாலும் எஞ்சுகின்றன. பதிவை நீக்காமல் அதன் டிக் குறியை மட்டும் எடுத்துவிட்டால், தவறு நேர்ந்தாலும் குறியைத் திரும்ப இட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

எங்கள் கணினியில் நான் எடுத்துவிட்டவை ஐந்தே ஐந்து: அரட்டைச் செயலிகள் இரண்டு, ஒரு பாட்டுச் செயலி, எப்போதோ நிறுவிய பிடிஎஃப் நிரலின் அப்டேட்டர், பிரிண்டரின் மை அளவைக் காட்டும் சிறு நிரல். ஒரு நாளில் ஒன்று என்ற கணக்கில் முடக்கி, மறுநாள் வீட்டில் யாரும் குறை சொல்லாவிட்டால் மட்டுமே அடுத்ததற்குச் சென்றேன். காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. இயக்கியவுடன் முதல் சில நிமிடங்கள் விண்டோஸின் வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டரும், கோப்புகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணையைத் தயாரிக்கும் சேவையும் டிஸ்க்கை 100 சதவீதத்தில் வைத்திருப்பது மட்டும் தொடர்கிறது. அவற்றை முடக்க எனக்கு மனமில்லை, அடுத்த மாதம் ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டலாம் என்றிருக்கிறேன்.