ஜமக்கா-1, ஜமக்கா-2

மாமாவுக்குப் பந்தல், பாத்திர வாடகைக் கடை. எத்தனை அண்டா போனது, எத்தனை கரண்டி திரும்பி வரவில்லை என்று கணக்கு வைக்க, கல்லூரியில் படிக்கும்போது 2012-இல் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு வெப்சைட் எழுதிக் கொடுத்திருந்தேன். அதோடு அதை மறந்தும் போனேன். போன மாதம் அதை வைத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து (சர்வரை வாடகைக்கு விடுபவர்கள்) மெயில்: பிஎச்பி 5.6-ஐ நிறுத்துகிறோம், இனி புதுப்பிக்கும் கட்டணமும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2018 கடைசியோடு நின்றுவிட்டது, அதனால் நிறுத்துவதில் தப்பில்லை. கட்டணம்தான் வயிற்றெரிச்சல். அதனால் புது பிஎச்பி உள்ள வேறு சர்வருக்கு மாற்றிவிட முடிவு செய்தேன்.

பிஎச்பிக்கான பெரிய சட்டகமான லாராவெலில் முதலிலிருந்து எழுதிவிடு என்றான் நண்பன். ஐந்து பேர் பில் போடும் பக்கத்துக்கு அது தேவையில்லை, அதுவும் எந்த பட்டன் எங்கே என்று மாமாவுக்குக் கை பழகிவிட்டது.

பழைய நிரலைச் சரி செய்வது ஒரு சனிக்கிழமை வேலைதான். தரவுத்தளமான மைசீக்வெல்லோடு பேசும் மைசீக்வெல்_கொயரி வகையறா ஃபங்ஷன்கள் எல்லாம் பிஎச்பி 7-லேயே தூக்கப்பட்டுவிட்டன. அந்தப் பெயர் காலியாகக் கிடப்பதால் அதே பெயரில் நானே ஒரு ஃபங்ஷன் எழுதி உள்ளே அதன் புது வாரிசான மைசீக்வெல்ஐ-யைக் கூப்பிட்டுவிட்டேன். அசிங்கம்தான், ஆனால் பக்கம் திறந்தது. லாகினையும் தேடும் பக்கத்தையும் மட்டும் ஒழுங்காக பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்டுக்கு (அடிப்பவர் தரும் எழுத்து கட்டளையோடு கலக்காத பாதுகாப்பான முறை) மாற்றினேன், எம்டி5 என்ற பலவீனமான பழைய மறைப்பு முறையில் கிடந்த பாஸ்வேர்டுகளையும் தலைமுழுகியாயிற்று.

அப்புறம்தான் வந்தது வினை. புது சர்வரில் தமிழ் ஒன்றும் தெரியவில்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் முத்திரையுமாகத் திரை முழுக்க. 2012-இல் நான் டேபிளை லாட்டின்1-இலேயே (தமிழே இல்லாத, ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய எழுத்துமுறை) விட்டிருக்கிறேன். பழைய சர்வரில் இணைப்பும் லாட்டின்1 என்பதால் உள்ளே போன பைட் அப்படியே வெளியே வந்து, பிரவுசரில் தமிழாகத் தெரிந்திருக்கிறது. புது மைசீக்வெல் 8-இல் இணைப்பு யுடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழிக்குமான யூனிகோட் முறை), அது உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒவ்வொரு பைட்டையும் மாற்றித் தருகிறது. டேபிளில் அந்த நெடுவரிசையை முதலில் வார்பைனரி (வெறும் பைட்டுகள்) ஆக்கி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 வார்கேர் (எழுத்துகள்) ஆக்கினால் சரியாகிவிடும். நேரடியாக மாற்றினால் குப்பை குப்பையாகவே பத்திரமாகிவிடும், அதனால் முதலில் டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி மாற்றும்போது நாற்பது சொச்சம் வரிகள் மட்டும் பிழை என்று நின்றன. எல்லாவற்றிலும் கடைசி எழுத்து அறுந்திருந்தது. பொருளின் பெயருக்கு நான் விட்ட இடம் 30. லாட்டின்1-இல் அது 30 பைட், தமிழில் எழுத்து, புள்ளி, கால் என ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'ஜமக்காளம் பெரியது' என்று அடித்தால் 'ஜமக்காளம்' முடிந்து இடைவெளிக்குப் பிறகு 'ப'-வில் இரண்டு பைட் ஏறி அப்படியே நின்றுவிடும். 'சிறியது' அடித்தாலும் 'ச'-வின் முதல் இரண்டு பைட் அதே இரண்டுதான், ஆக இரண்டு ஜமக்காளமும் ஒரே பெயர்!

இப்போது ஓடுவது மாதம் 5 டாலர் சுற்றில், 1 ஜிபி ராம் உள்ள ஒரு சின்ன வி.பி.எஸ்.ஸில் (நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய வாடகை சர்வர்). மைசீக்வெல் சும்மா இருக்கும்போதே கிட்டத்தட்ட 400 எம்பி தின்றது. தன்னைத்தானே கண்காணிக்கும் அதன் பெர்ஃபாமன்ஸ் ஸ்கீமாவை அணைத்து, ராம் போதாதபோது டிஸ்கில் இடம் தரும் ஸ்வாப் 1 ஜிபி கொடுத்ததும் அடங்கியது. பக்கத்தைப் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எல் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தருவது, காசில்லை. தினமும் இரவு டம்ப் வேறு இடத்துக்குப் போகிறது. சர்வர் அப்டேட் இனி என் தலையில், அது வேறு கதை.

பழைய பில்களில் 'ஜமக்கா-1', 'ஜமக்கா-2' என்றே இருந்ததை மாமாவின் தொழில் ரகசியம் என்று நினைத்திருந்தேன். கேட்டேன். "முழுசா அடிச்சா கடைசில பொட்டி பொட்டியா வருதுடா, நீதானே எழுதுன" என்றார். இப்போது 100 எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன் மாமா என்றேன். நேற்று பார்த்தேன், புது பில்லிலும் ஜமக்கா-2 தான்.