தொரை உபயமும் பொன்னு தம்புரானும்

எங்கள் பாட்டி தக்கலைக்காரி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கித்தாக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) பால் வெட்டியே ஆயுசைக் கழித்தவள். ஊர் ராஜாவான திருவிதாங்கூர் மன்னர் பேச்சு வந்தால் மட்டும் "பொன்னு தம்புரான்" என்பாள், குரலே மாறிவிடும். தம்புரானை அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் நவராத்திரிக்குச் சாமிகள் கிளம்புவதைத்தான்.

அந்தப் புறப்பாடு இன்றைக்கும் நடக்கிறது. பத்மநாபபுரத்து சரஸ்வதி யானைமேல், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். குழித்துறை, களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வரை நடை. கிளம்புவதற்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. கன்னியாகுமரி 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, மன்னராட்சி அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. வாள் மட்டும் வருஷா வருஷம் கை மாறுகிறது. இரண்டு மாநிலப் போலீசும் நின்று மரியாதை செய்கிறார்கள்.

இதை எப்படி விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் யோசனை. காரணம் 1750-ல் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வருஷம் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசாமி காலடியில் வைத்துவிட்டு, நான் பத்மநாபதாசன், சாமிக்காக ஆளுகிறேன், அவ்வளவுதான் என்றார். அதில் ராஜதந்திரமும் இருந்தது, இல்லாமல் இல்லை. சண்டை போட்டுப் பிடித்த நாட்டைச் சாமி பேரில் எழுதிவிட்டால் எதிர்க்கிறவன் யோசிப்பான். ஆனால் நாடு போன பிறகும் ஊழியக்காரன் என்ற உறவு மிஞ்சியது. கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991-ல் காலமானார். கோயிலை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, மன்னர் இறந்ததால் குடும்பத்தின் கோயில் உரிமை அற்றுப்போகாது என்றது. பங்குனியிலும் ஐப்பசியிலும் சாமியை நீராட்டும் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது விமான நிலைய ஓடுபாதையையே சில மணி நேரம் மூடுகிறார்கள். குடும்பத் தலைவர் வாளோடு, காலில் செருப்பில்லாமல், சாமியோடு நடந்து போகிறார்.

எங்கள் எஸ்டேட்டிலும் ஒரு ராஜா இருந்தார். தோட்ட மேனேஜர், எங்களுக்குத் தொரை. மாரியம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவருக்குத்தான். வெள்ளைக்காரத் தொரை ஒருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முழங்கால் வரை ஏற்றிய காலுறையை மட்டும் கழற்றாமல் வந்து நிற்பாராம். பூசாரி கற்பூரத் தட்டை நீட்டினால் எந்தக் கையால் தொடுவது என்று ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியைத் திரும்பிப் பார்ப்பாராம். அப்பா இதை நடித்தே காட்டுவார். வேலை வாங்கும் தண்டல் முதல் தோட்டி வரை எல்லோரும் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். கோயில் நின்றது கம்பெனி நிலத்தில் ஆயிற்றே.

அப்புறம் தோட்டம் கை மாறியது. கித்தா போய் செம்பனை, செம்பனை போய் வீடமைப்பு. பரிவட்டம் கட்டிக்கொண்ட எந்தத் தொரையும் கோயிலுக்காக ஒரு கடுதாசி எழுதவில்லை. அம்மனை நாங்களே தூக்கிக்கொண்டு பெரிய சாக்கடைக்குப் பக்கத்தில் கிடைத்த துண்டு நிலத்துக்கு வந்தோம்.

அம்மனுக்குத் தாசன் என்று தொரை எந்தக் காலத்திலும் சொல்லிக்கொண்டதில்லை. மாலையை வாங்கிக்கொண்டார், அதோடு சரி.

வேடிக்கை என்னவென்றால், திருவிழா நோட்டீசில் "மூன்றாம் நாள்: நிர்வாக உபயம்" என்று இன்னமும் அச்சடிக்கிறோம். நிர்வாகம் என்று யாரும் இல்லை, பணம் நாங்கள் தலைக்கு இவ்வளவு என்று போடுவது. முதல் பரிவட்டத்தை இப்போது ஒய்.பி.க்கு, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதிக்கு, கட்ட வேண்டும் என்று கமிட்டியில் ஒரு கட்சி. தேர்தல் முடிந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கொட்டகை போடுகிற அண்ணனுக்குக் கட்டுங்கள் என்று நான் சொன்னேன். அவரோ, "தம்பி, எனக்கு வேலை கிடக்கு" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டம்.