2012 மஸ்டாங்: பிரேமர்ஹாஃபனிலிருந்து ஜெர்மன் நம்பர் பிளேட் வரை

மஸ்டாங் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரை ஐரோப்பாவில் 2015 மாடலிலிருந்து ஃபோர்டு நிறுவனமே விற்கிறது. இண்டிகேட்டர் ஆரஞ்சு, வேகமானியில் கிலோமீட்டர், ஆவணங்கள் எல்லாம் சுத்தம். அப்படியிருக்க, அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த முந்தைய தலைமுறை வண்டியைத் தேடி அலைந்ததற்கு அறிவார்ந்த காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சில் கோத்த பழைய அமைப்பும், 2011இல் வந்த எட்டு சிலிண்டர் கொண்ட 5 லிட்டர் வி8 எஞ்சினும் சேர்ந்திருப்பது 2011 முதல் 2014 வரையிலான மாடல்களில்தான். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நானே அமெரிக்காவில் வாங்கி, பால்டிமோர் துறைமுகத்தில் கப்பல் ஏற்றி, நான் இருக்கும் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் இறக்கலாமா என்று முதலில் கணக்குப் போட்டேன். அப்போதிருந்த விதிப்படி சுங்கவரி 10 சதவீதம். அது காரின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலியையும் சேர்த்த தொகைக்கு. அந்த வரியும் சேர்ந்த மொத்தத்தின் மேல் 19 சதவீத இறக்குமதி விற்பனை வரி. கூலியோடு 20,000 யூரோ ஆகும் வண்டிக்குச் சுங்கம் 2,000. பிறகு 22,000க்கு 19 சதவீதம் 4,180. ஆக 6,180 யூரோ துறைமுகத்திலேயே போய்விடும். 30 வயது கடந்த, மாற்றம் செய்யாத வண்டியைச் சேகரிப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டால் சுங்கம் இல்லை, வரியும் 7 சதவீதம்தான். 2012 மாடலுக்கு அந்தச் சலுகை எட்டாது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கண்ணால் பார்க்காத வண்டிக்குப் பணம் அனுப்புவதற்குத்தான் மனம் வரவில்லை. எனவே இங்கே வந்து இறங்கி, சுங்கம் கட்டி, இன்னும் பதிவு செய்யப்படாமல் நிற்கும் வண்டிகளின் பக்கம் திரும்பினேன்.

இந்த வகை வண்டிகள் விளம்பரத்தில் ஆசைகாட்டும் விலையில் இருக்கும். ஏன் என்பதற்கு விடை பெரும்பாலும் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணை இணையத் தேடலில் இட்டாலே போதும். அமெரிக்க ஏலத்தில் எடுத்த படங்கள் வந்து விழும். நான் பார்த்த முதல் சிவப்பு வண்டிக்கு ‘சிறு கீறல் சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தார்கள். ஏலப்படத்தில் வலது முன்சக்கரம் கதவை நோக்கி மடங்கிக் கிடந்தது, காற்றுப்பைகள் இரண்டும் வெடித்துத் தொங்கின. அமெரிக்காவில் உரிமைச் சான்றிலேயே ‘சேதமடைந்தது’, ‘மறுபடி கட்டியது’ என்ற முத்திரைகள் உண்டு. கடல் தாண்டியதும் அந்த முத்திரையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஃப்ளோரிடாவிலிருந்து வந்ததென்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பார்க்க வேண்டும். மிச்சிகன், ஒஹையோ என்றால் சாலையில் கொட்டும் உப்பு தின்ற அடிப்பாகத்தை. அரிசோனா வண்டிக்கு அடிப்பாகம் புதிதுபோல் இருக்கும், டாஷ்போர்டு வெயிலில் வெடித்திருக்கும். எனக்கு அரிசோனா போதும். டாஷ்போர்டை மாற்றலாம்.

வாங்கியது 2012 மாடல் ஜிடி (அந்த வி8 எஞ்சின் வரும் வகை), கறுப்பு, 6 கியர் மேனுவல். அமெரிக்க உரிமைச் சான்றின் மூலப்பிரதி, ஜெர்மன் சுங்கம் கட்டிய சான்று இரண்டையும் மேசைமேல் வைத்த பிறகே விலை பேசினேன். சுங்கச் சான்று ‘பிறகு தபாலில் வரும்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது இல்லாமல் பதிவு அலுவலகம் வண்டியை ஏறிட்டும் பார்க்காது.

2013ஐ விட்டு 2012ஐ எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2013இல் முகப்பு விளக்குகள் எல்லா மாடலிலும் மிகப் பிரகாசமான செனான் வகை ஆகிவிட்டன. அந்த அளவு வெளிச்சத்துக்கு ஐரோப்பிய விதிப்படி தானாக உயரம் சரிசெய்யும் அமைப்பும் விளக்கைக் கழுவும் பீச்சானும் வேண்டும். ஹாலஜன் விளக்கு கொண்ட 2012க்கு இந்தத் தொல்லை இல்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒளிக்கற்றையைத் தாழ்த்தும் மோட்டாரும் ஒரு திருகு சுவிட்சும் போதும்.

விளக்குதான் இந்த முழு வேலையின் கனமான பகுதி, பணத்திலும் பொறுமையிலும். அமெரிக்க விதி பின்னால் சிவப்பு இண்டிகேட்டரை அனுமதிக்கிறது. இந்த மஸ்டாங்கில் பிரேக் விளக்கே இண்டிகேட்டரும். மூன்று செங்குத்துப் பட்டைகள் உள்ளிருந்து வெளியே ஒன்றன்பின் ஒன்றாக எரியும். பார்க்க அழகு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐரோப்பாவில் இண்டிகேட்டர் ஆரஞ்சாகத்தான் இருக்க வேண்டும், பிரேக்கிலிருந்து பிரிந்து எரிய வேண்டும். இதை வறட்டுப் பிடிவாதம் என்று திட்டும் மஸ்டாங் பிரியர்கள் நிறைய. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பே 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆரஞ்சு இண்டிகேட்டர் உள்ள வண்டிகள் திரும்பும்போதும் தடம் மாறும்போதும் பின்னாலிருந்து இடிபடுவது 5.3 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். நான் அந்தப் பிடிவாதத்தின் கட்சி.

வயரிங்கை நானே செய்யத்தான் நினைத்திருந்தேன். டோர்ட்மண்ட் நகரின் பக்கம் கார் மின்வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் படம் அனுப்பிக் கேட்டபோது, “தம்பி, அசல் வயர் ஒன்றைக்கூட வெட்டாதே. பிரேக்கையும் இண்டிகேட்டரையும் பிரிக்கிற பெட்டி, அசல் கனெக்டரோடு கிடைக்கும். அதை நடுவில் செருகிவிடு. நாளைக்கு விற்கிறபோது கழற்றித் தரலாம்” என்றார். அப்படியே ஆயிற்று. விளக்கின் ஓர் அறையைத் திறந்து ஆரஞ்சு எல்.இ.டி. பொருத்தும் வேலையை மட்டும் அமெரிக்க வண்டிகளுக்கென்றே இருக்கும் பட்டறையில் கொடுத்தேன். முகப்பு விளக்கும் அவர்களிடமே வாங்கியது, ஒளியியல் ஆய்வறிக்கையுடன். அமெரிக்காவும் ஜெர்மனியும் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால் ஒளியை இடம் வலம் மாற்ற வேண்டியதில்லை என்பது ஆறுதல். ஆனாலும் அமெரிக்க விளக்கு எதிரே வருபவர் கண் வரை மேலே சிதறும். ஐரோப்பிய விளக்கு கத்தியால் வெட்டியது போல ஒரு கோட்டில் நிற்கும். சுவரில் அடித்துப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

மற்றவை சிறு வேலைகள். முன்னால் நிறுத்தும் விளக்கு அங்கே ஆரஞ்சு, இங்கே வெள்ளை. பின்னால் மூடுபனி விளக்கு கட்டாயம். ஒன்றுதான் என்றால் நடுவிலோ இடப்பக்கமோ இருக்க வேண்டும், பிரேக் விளக்கிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி. எரிகிறது என்று காட்டும் குறிவிளக்கு டாஷ்போர்டில் வேண்டும். பம்பருக்குக் கீழே இடப்பக்கம் ஒன்றைத் தொங்கவிட்டேன். அழகில்லை, ஆனால் சட்டம்.

ஜெர்மன் வாகன அனுமதி விதிகளின் இருபத்தொன்றாம் பிரிவின்கீழ் நடக்கும் முழு ஆய்வுக்கு வண்டியை எடுத்துச் செல்லும் முன்பே, அந்த மாடலுக்கான தரவுத்தாளைக் காசு கொடுத்து வாங்கிவிடுவது நல்லது. எடை, இரைச்சல், புகை எல்லாம் அதில் இருக்கும். ஆய்வாளர் நிதானமானவர். முதலில் டயரைத்தான் பார்த்தார். அமெரிக்க முத்திரை மட்டும் இருந்தால் போதாது, வட்டத்துக்குள் ஐரோப்பிய ஒப்புதலைக் காட்டும் ‘E’ எழுத்தும் வேண்டும். வேகக் குறியீடு வண்டியின் உச்சவேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். இதை முன்பே கேள்விப்பட்டு நான்கையும் மாற்றியிருந்தேன். வேகமானியில் மைல் பெரிதாகவும் கிலோமீட்டர் உள்வட்டத்தில் சிறிதாகவும் இருந்ததை அவர் ஏற்றுக்கொண்டார்.

காற்றுப்பையை ஆய்வாளர் கேட்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். 2005 முதல் 2014 வரையிலான மஸ்டாங்குகள் தகாட்டா நிறுவனத்தின் பழுதான காற்றுப்பைகளை மாற்றித்தரும் திரும்பப்பெறலில் அடங்கியவை. அமெரிக்க அரசின் தளத்தில் அடையாள எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று தெரியும். என் வண்டிக்கு அரிசோனாவிலேயே மாற்றியிருந்தார்கள். முடிந்திராவிட்டால் விலை பேசியே இருக்க மாட்டேன். அது வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் முகத்துக்குத்தான் வரும்.

பதிவு அலுவலகத்தில் நம்பர் பிளேட் நாடகம். வண்டியின் பின்பக்கக் குழி 30க்கு 15 சென்டிமீட்டர் அமெரிக்கப் பலகைக்கு வெட்டியது. ஜெர்மன் பலகை 52 சென்டிமீட்டர் நீளம். ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் கொண்ட குறுகிய எண்களை இப்படிப்பட்ட வண்டிகளுக்காக ஒதுக்கி வைத்திருப்பார்கள். குழியின் படத்தையும் அளவையும் காட்டிக் கேட்டால் கிடைக்கிறது. காப்பீட்டுக்கு இணையக் கணிப்பான்கள் உதவாது, ஏனென்றால் பதிவுச் சான்றில் மாடல் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யங்கள். தொலைபேசியில் ஒரு மனிதரிடம் பேசித்தான் வாங்க வேண்டும்.

ஓட்ட எப்படி? நேர்ச்சாலையில் குறையே இல்லை. குண்டும் குழியுமான வளைவில் பின்பக்கம் ஒரு துள்ளல் துள்ளும், தெரிந்தேதான் வாங்கினேன். பெட்ரோல் கவலை வேண்டாம்: ஆக்டேன் எண் அமெரிக்காவில் 91 என்று விற்பதும் இங்கே 95 என்று விற்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், அளக்கும் முறைதான் வேறு. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மட்டும் அமெரிக்க விதிப்படி முற்றிலும் தட்டையானது. ஆட்டோபான் எனும் ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலையில் இடப்பக்கத் தடத்தில் வருபவர் மாயமாகிவிடுவார். ஓரம் வளைந்த கண்ணாடி ஒட்டியது இந்த வண்டிக்கு நான் செய்த மலிவான, மிகப் பயனுள்ள மாற்றம்.

ரேடியோ இன்னும் பாதி ஊமை. அமெரிக்க எஃப்.எம். 92.1, 92.3 என்று ஒற்றைப்படையில் தாவுகிறது, 92.2இல் ஒலிபரப்பும் நிலையத்தில் நிற்கவே மறுக்கிறது. அதைவிட அவசரமானது டயர் அழுத்தம். குளிர்கால டயர்களோடு வந்த சென்சார்கள் ஐரோப்பாவின் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன, வண்டி 315இல் காதுகொடுத்துக் காத்திருக்கிறது. 315 சென்சார்களுக்கு அமெரிக்காவில் ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் மாற்றிவிட்டு, எச்சரிக்கை விளக்கு அணைந்ததா என்று எழுதுகிறேன்.