எத்தனையாவது நாள் தடுமம்?

சாரல் தொடங்கிவிட்டால் நம்ம நெல்லைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருப்பார். "சாரல்ல நனைஞ்சது, ரெண்டு நாள்ல போயிரும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். ஆனால் நனைந்தால் மட்டும் தடுமம் வந்துவிடாது, அண்ணாச்சி. யாரோ ஒருவர் மூச்சிலிருந்து கிருமி வந்தாக வேண்டும். சாதாரணத் தடுமத்திலேயே நான்கு வகை கொரோனா உண்டு. காலங்காலமாக நம்மோடு இருப்பவை. 2002ல் சார்ஸ், 2012ல் மெர்ஸ் என்று கொரோனாவில் இன்னும் இரண்டு வந்தன. 2019 கடைசியில் வந்தது ஏழாவது, கோவிட். கீழே சொல்வதெல்லாம் இந்த ஏழாவதைப் பற்றி.

குற்றாலத்துக்குப் போகும் வேனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே மழை, கண்ணாடி எல்லாம் ஏற்றியாச்சு, ஏசி உள்காற்றையே சுற்றிவிடுகிறது. பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், பாட்டும் கூச்சலும். பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் நுண்துளிகளில் பெரியவை உடனே கீழே விழுந்துவிடும். மிகச் சிறியவை ஊதுபத்திப் புகை மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். பின்சீட்டில் இருப்பவருக்கும் பங்கு உண்டு. முன்பக்கம் இடது கண்ணாடியையும் பின்பக்கம் வலது கண்ணாடியையும் மூன்று விரல்கடை இறக்குங்கள், காற்று குறுக்கே ஓடும். ஏசியில் வெளிக்காற்று எடுக்கும் பொத்தானைப் போடுங்கள். திண்ணையில் காற்றோட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றுவதும், அதே சொளவோடு ஜன்னல் அடைத்த அறைக்குள் உட்காருவதும் ஒன்றல்ல. 2020ல் தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் தெளித்தோம். கிருமி தெருவில் கிடக்கவே இல்லை.

இன்னொரு வம்பு: அறிகுறி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கிருமி தொற்றிய ஆள் பரப்பத் தொடங்கிவிடுவார். இருமாதவரிடமிருந்துதான் நிறைய பேருக்கு வந்தது.

உள்ளே போன கிருமி மூக்கின் உள்தோல் செல்லில் ஏசிஇ2 என்ற புரதத்தைத் தேடி ஒட்டும். கிருமியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள் அதில் பொருந்தியதும், நம் செல்லின் நொதி ஒன்றே அந்த முள்ளை வெட்டி வழிவிடுகிறது. கிருமியின் கொழுப்புறை செல்லின் சவ்வோடு கலந்துவிட, சுமார் 30,000 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ உள்ளே இறங்கும். (சோப்பு வேலை செய்வது இந்தக் கொழுப்புறையைக் கரைப்பதால்தான்.) செல் அதைத் தன் வீட்டுச் சமையல் குறிப்பு என்று நினைத்துப் புதுக் கிருமிகளைச் செய்து தள்ளும். உருமாறிய ஒமிக்ரான் வகைகளில் கிருமி உள்ளே போன சுமார் மூன்றாம் நாள் தொண்டை கரகரக்கும்.

அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அதுதான் முதல் நாள்.

முதல் ஐந்து நாள் காய்ச்சல், உடம்புவலி, இருமல். காய்ச்சலைக் கிளப்புவது நம் எதிர்ப்புச் சக்திதான். வாசனை போவது ஏன் என்றால், வாசனை நரம்புக்குப் பக்கத்துணையாக நிற்கும் செல்களைக் கிருமி தாக்குகிறது. கருப்பட்டிக் காப்பியில் இனிப்பு மட்டும் தெரியும், கருப்பட்டி தெரியாது. இந்த நாட்களில் ஓய்வு, தண்ணீர், பாராசிட்டமால் போதும். நொச்சி போட்டு வேது பிடித்தால் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், கிருமி சாகாது. கொதிக்கிற பானையைப் போர்வைக்குள் வைத்து வெந்துபோன பிள்ளைகள்தான் மிச்சம்.

கவனிக்க வேண்டியது ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை. காய்ச்சல் விட்டதென்று நிம்மதியாக இருக்கும்போதுதான் சிலருக்கு நுரையீரலில் வீக்கம் ஏறும். காற்றுப்பைகளில் நீர் கோர்க்கும், சின்ன ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைக்கும். மூச்சுத் திணறலை நமக்கு உணர்த்துவது பெரும்பாலும் கரியமில வாயுதான். அது சுலபமாக வெளியேறிக்கொண்டிருப்பதால், ரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீதத்துக்கு இறங்கினாலும் ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்.

அதனால்தான் விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். நகப்பாலிஷ் இருந்தால் துடையுங்கள், விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நடுவிரலில் மாட்டி, எண் ஒரு நிமிடம் நிலைக்கும்வரை பொறுங்கள். மாட்டியதும் வரும் முதல் எண் பொய். பிறகு வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடங்கள், வயதானவர்களுக்கு மூன்று போதும். மறுபடி பாருங்கள். 94க்குக் கீழே போனாலும், முதலில் இருந்ததைவிட நான்கு குறைந்தாலும் ஆஸ்பத்திரி. உட்கார்ந்திருக்கும்போதே 94க்குக் கீழ் என்றால் நடையெல்லாம் வேண்டாம், நேரே 108. வண்டி வரும்வரை மூச்சுத் திணறுகிறவரைக் குப்புறப் படுக்கவையுங்கள், நுரையீரலின் பின்பகுதி விரியும்.

ஸ்டீராய்டு பற்றி ஒன்று. பிரிட்டனில் 2020ல் நடந்த பெரிய ஆய்வில், நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான். தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. முதல் வாரத்திலேயே மெடிக்கலில் வாங்கிப் போட்டால், கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தியை நாமே கட்டிப்போடுகிறோம். சர்க்கரையும் எகிறும். 2021ல் கரும்பூஞ்சை வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரையும் இருந்தது, ஸ்டீராய்டும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு தொடங்கினால் தினமும் சர்க்கரை பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.