பவர் பட்டன் அமுக்குனதும் முதல்ல ஓடுற கோடு

போன வருஷம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய லேப்டாப் வாங்குனேன். மூணாம் தலைமுறை இன்டெல் ஐ5, 2012 வாக்குல வந்த பிசினஸ் மாடல், ஏதோ ஆபீஸ்ல மொத்தமா தள்ளிவிட்டதுல வந்தது. கீபோர்டு நல்லா இருந்துச்சு, கீல் ஆடல, அவ்ளோதான் பாத்தேன். வீட்டுக்கு வந்து வைஃபை கார்டு ரொம்ப பழசா இருக்கேன்னு புதுசு ஒண்ணு மாட்டி ஆன் பண்ணா, கறுப்பு ஸ்க்ரீன்ல ஒரே ஒரு வரி, இந்த கார்டுக்கு அனுமதி இல்ல, ஆஃப் பண்ணிட்டு கழட்டுங்கன்னு. இதை விண்டோஸ் சொல்லல, லினக்ஸும் சொல்லல, அது ரெண்டும் இன்னும் எழுந்திருக்கவே இல்ல. காசு குடுத்து வாங்குன மெஷின், காசு குடுத்து வாங்குன கார்டு, நடுவுல அனுமதி குடுக்க யாருன்னு நினைச்சு நினைச்சு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அப்படித்தான் கோர்பூட் பக்கம் போனேன். ஆன் பண்ணதும் விண்டோஸுக்கும் முன்னாடி ஓடுற ஃபர்ம்வேர் தான் பயாஸ், அதுக்கு பதிலா போடுற, சோர்ஸ் கோடு எல்லாருக்கும் கிடைக்கிற ஃபர்ம்வேர் தான் கோர்பூட். பேரை முன்னாடியே கேள்விப்பட்டிருக்கேன், ஆனா அது பெரிய ஆளுங்க வேலைன்னு ஒதுங்கியே இருந்தேன். 1999ல அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் லேப்ல ரான் மின்னிச் ஆரம்பிச்சது, அப்போ பேரு லினக்ஸ்பயாஸ், கிளஸ்டர் மெஷின்களுக்காக எழுதுனது. வரிசையா கம்ப்யூட்டர் அடுக்கி வெச்சிருக்கிற எடத்துல ஒவ்வொண்ணும் ஒரு கீ அமுக்குன்னு நின்னா யாரு போய் அமுக்குறது? 2008ல கோர்பூட்னு பேர் மாத்துனாங்க. இன்னிக்கு ஸ்கூல் பசங்க கையில இருக்கிற குரோம்புக்ல எல்லாம் உள்ள ஓடுறது இதுதான்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச பகுதி ஒண்ணு இருக்கு, அதை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன். பவர் பட்டன் அமுக்குனதும் ப்ராசசர் 4 ஜிபி முகவரியோட உச்சியிலிருந்து 16 பைட் கீழ போய் முதல் கட்டளையை எடுக்கும், அந்த முகவரி ரேம்ல இல்ல, போர்டுல ஒட்டியிருக்கிற எட்டு கால் ஐசில இருக்கு. அந்த நேரத்துல ரேம் ஸ்லாட்ல இருக்கும் ஆனா வேலை செய்யாது, அதை யாராவது எழுப்பணும், எந்த வேகம், எவ்ளோ டைமிங்னு ஒவ்வொரு லைனா சோதிச்சு பாத்து சரி பண்ணணும். ஆனா அந்த எழுப்புற கோடு சி மொழியில எழுதியிருக்கு, சி ஓடணும்னா ஸ்டாக்னு தற்காலிகமா எழுதி வெக்கிற எடம் வேணும், ஸ்டாக்குக்கு ரேம் வேணும். இதுக்கு என்ன பண்றாங்கன்னா ப்ராசசர் உள்ளேயே இருக்கிற கேஷ்ங்கிற குட்டி மெமரியை கொஞ்ச நேரம் ரேம் மாதிரி நடிக்க வைக்கிறாங்க. அதுக்கும் முந்தின காலத்துல ஸ்டாக்கே இல்லாம ப்ராசசரோட வெறும் ரெஜிஸ்டர்லயே, அதாவது கைப்பிடி அளவு எடத்துலயே, ஓடுற மாதிரி கோடை மாத்திக் குடுக்கிற ஒரு தனி கம்பைலரே எழுதியிருந்தாங்க, ரோம்சிசின்னு. இதை படிச்ச அன்னிக்கு ஆபீஸ் பஸ்ல இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டு அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வந்தேன்.

ரேம் எழுந்தப்புறம் மத்த சிப்புகளை எழுப்பிட்டு, பேலோடுன்னு அடுத்து ஓட வேண்டிய ப்ரோக்ராம் ஒண்ணுகிட்ட கைமாத்தி விட்டுட்டு கோர்பூட் ஒதுங்கிடும். பேலோடா பழைய பயாஸ் மாதிரியே நடந்துக்கிற சீபயாஸ் வெக்கலாம், ஓஎஸ்ஸை ஏத்தி விடுற க்ரப் வெக்கலாம், லினக்ஸ் கெர்னலையே கூட வெக்கலாம். எந்த கார்டுக்கு அனுமதின்னு கேக்குற வேலை இதுல எங்கயும் கிடையாது.

சோர்ஸ் கோடுல இருந்து இதை கட்டுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, அதுக்குன்னு தனி கம்பைலர் கட்டணும், அது கத்திரி வெயில்ல ஃபேன் அலற அலற ரொம்ப நேரம் ஓடும், டிஸ்ப்ளேவை எழுப்புற பகுதி அடாங்கிற இன்னொரு மொழியில எழுதியிருக்கிறதால அடா கம்பைலரும் சேந்தே கட்டும். அப்புறம் மெனுகான்ஃபிக்ங்கிற செட்டிங்ஸ் மெனுல போர்டை தேர்ந்தெடுத்து மேக்னு கட்டளை அடிச்சா முடிஞ்சுது. கஷ்டம் ஐசில எழுதுறதுல தான் இருக்கு. ஒரிஜினல் பயாஸ் தன்னைத்தானே பூட்டி வெச்சிருக்கும், உள்ள இருந்து எழுத விடாது, முதல் தடவை வெளிய இருந்து, ஐசி கால்களை கவ்வுற கிளிப் போட்டுத்தான் எழுதணும்.

கிளிப் வாங்க கவர்மென்ட் எஸ்டேட் மெட்ரோல இறங்கி மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அங்க மாடிப்படிக்கு கீழ ஒரு சின்ன கடை, ஒரு அண்ணன் சூடு காத்து ஊதுற ஹாட் ஏர் வெச்சு போர்டு வேலை பாத்துட்டு இருப்பாரு. எதுக்கு தம்பி கிளிப்புன்னு கேட்டாரு, பயாஸ் எழுதணும்ணான்னு சொன்னேன், ஐசில அப்படியே எழுதுற பின் ஃபைல் இருக்கா, எந்த மாடல்னு சொல்லு நான் தரேன்னாரு. இல்லண்ணா, நானே கம்பைல் பண்ணிருக்கேன்னேன். ஹாட் ஏரை ஸ்டாண்டுல வெச்சுட்டு நிமிந்து பாத்தாரு. அவரு தினமும் நாலு பயாஸ் எழுதுறவரு, டிஸ்ப்ளே வரலன்னு வர்ற போர்டுல பாதி அதுலயே சரியாகிடும்னாரு, ஆனா அந்த ஃபைலோட சோர்ஸ் கோடுன்னு ஒண்ணு வெளிய கிடைக்கும்ங்கிறது அவருக்கு அன்னிக்கு தான் தெரியும்.

அவர்கிட்ட இருந்தது கறுப்பு சிஎச்341ஏ ப்ரோக்ராமர், ஐசில எழுதுற கருவி, அதுல ஒரு விஷயம் கவனிக்கணும், ஐசிக்கு போற பவர் 3.3 வோல்ட் தான், ஆனா டேட்டா கால்கள்ல 5 வோல்ட் வரும். நிறைய ஐசி தாங்கிக்கும், ஆனா ஐசி போர்டுல இருக்கும்போதே எழுதுனா அந்த 5 வோல்ட் பக்கத்து சிப் வரைக்கும் போகும். நான் ராஸ்பெர்ரி பைங்கிற கையளவு கம்ப்யூட்டர் வெச்சு பண்ணேன், அதுல எல்லாமே 3.3 தான்.

ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு மேஜை. பேட்டரி, சார்ஜர், உள்ள இருக்கிற காயின் பேட்டரி எல்லாம் கழட்டி, கை வைக்கிற பாம்ரெஸ்ட்டை எடுத்தா ஓரத்துல ரெண்டு ஐசி, ஒண்ணு 8 எம்பி, இன்னொண்ணு 4 எம்பி. கிளிப் மாட்டி ஃப்ளாஷ்ரோம்ங்கிற ப்ரோக்ராம்ல ரெண்டு தடவை படிச்சு எஸ்எச்ஏ256 போட்டு பாத்தேன், ஒரே ஃபைல்னா ஒரே நம்பர் வரணும், ரெண்டும் வேற வேற. மறுபடி படிச்சேன், மூணாவதா ஒரு நம்பர். வியர்வை மூக்கு நுனியில இருந்து போர்டு மேல விழுந்துடுமோன்னு துண்டை கழுத்துல போட்டுக்கிட்டேன். அம்மா வந்து என்னடா இது ஆபரேஷன் மாதிரின்னு கேட்டுட்டு, டேபிள் ஃபேனை கொண்டு வந்து என் பக்கம் திருப்பி வெச்சுட்டு போனாங்க. லென்ஸ் வெச்சு பாத்தா ஐசி கால் மேல பளபளன்னு மெல்லிசா ஏதோ படிஞ்சிருக்கு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சேன், வயரையும் சின்னதாக்குனேன், வேகத்தையும் கொறைச்சேன். அடுத்த மூணு தடவையும் ஒரே நம்பர். அந்த மூணு வரியும் ஒண்ணு கீழ ஒண்ணா எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி நின்னதை பாத்தப்போ வந்த நிம்மதி, லேப்டாப் பூட் ஆனப்போ கூட வரல.

தயவுசெஞ்சு இப்படி படிச்சு சரிபாக்காம யாரும் எழுதாதீங்க. படிச்ச ஃபைலை ரெண்டு எடத்துல பத்திரமா வைங்க, அதுல உங்க நெட்வொர்க் போர்ட்டோட மேக் அட்ரஸ் இருக்கு, அது உங்க போர்டுக்கு மட்டுமே உரியது, இன்னொருத்தர் ஃபைல் சரிப்படாது.

கட்டுன ஃபைல் 12 எம்பி, அதுல கடைசி 4 எம்பியை மட்டும் வெட்டி சின்ன ஐசில எழுதுனேன், வெரிஃபைடுன்னு வந்துச்சு. எல்லாத்தையும் மாட்டி ஆன் பண்ணா ஸ்க்ரீன் கறுப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டே இருக்கேன், ஒண்ணும் வரல, கை சில்லுன்னு ஆகிடுச்சு, அப்புறம் டக்குன்னு சீபயாஸ் எழுத்து. முதல் தடவை ரேமை முழுசா சோதிச்சு அளவெடுத்து அதை ஐசியிலேயே சேமிச்சு வெச்சுக்கும், அதனால தான் அந்த லேட், ரெண்டாவது தடவையிலிருந்து சட்டுன்னு வந்துடுது. வைஃபை கார்டு எதுவும் கேக்காம வேலை செஞ்சுது.

அப்புறம் ஒரு ஆசை, ஆன் பண்ணதும் முதல்ல தமிழ் தெரியணும். க்ரப்ல தமிழ் ஃபான்ட் ஏத்தி பாத்தேன், எழுத்து வருது ஆனா எழுத்தை சேக்குற வேலை அதுல இல்ல, கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் தனியா நிக்குது, "தெ" எழுதுனா த தனியா கொம்பு தனியா. பாக்கவே மனசு கேக்கல. அதனால "வணக்கம்"னு நானே கையால எழுதி, ஸ்கேன் பண்ணி, ஆன் ஆகும்போது சீபயாஸ் காட்டுற பூட்ஸ்ப்ளாஷ் படமா வெச்சேன். முதல்ல அதுவும் வரல, சீபயாஸ் உள்ள படத்தை படிக்கிற ஜேபெக் டிகோடர் ரொம்ப சின்னது, ப்ரோக்ரெசிவ் ஜேபெக் அதுக்கு புரியாது, பேஸ்லைன்ங்கிற சாதா வகையா, நிறத்தை 4:2:0 முறையில வெச்சு மாத்தி குடுத்தப்புறம் வந்துச்சு. இதுக்கெல்லாம் மறுபடி பாம்ரெஸ்ட் கழட்ட வேண்டியதில்ல, இப்போ பூட்டு இல்லாததால உள்ள இருந்தே எழுதலாம், லினக்ஸ் கெர்னலுக்கு ஐஓமெம் ரிலாக்ஸ்டுன்னு ஒரு ஆப்ஷன் குடுத்தா போதும்.

லேப்டாப்பை எடுத்துட்டு போய் அண்ணன்கிட்ட காட்டுனேன். வணக்கம் வந்ததும் கடைப்பையனை கூப்பிட்டு, டேய் இங்க வந்து பாருடான்னாரு, மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொன்னாரு. அப்புறம் அலமாரியில இருந்து புதுசா ஒரு போர்டை எடுத்து, தம்பி இதுக்கும் இப்படி பண்ணித் தர முடியுமா, கஸ்டமர் ரொம்ப நாளா அலையுறாருன்னு கேட்டாரு. அது எட்டாம் தலைமுறை. 2013ல ஹாஸ்வெல்னு நாலாம் தலைமுறை வந்த காலத்துலயே பூட் கார்டுன்னு இன்டெலோட ஒரு காவல் ஏற்பாடு வந்துடுச்சு, தயாரிச்சவங்க அதை ஆன் பண்ணி சாவியோட அடையாளத்தை சிப்செட்ல நிரந்தரமா எரிச்சு வெச்சிருந்தா, அவங்க கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரை ப்ராசசர் பொதுவா ஓட விடாது, ஐசியை கழட்டி எழுதுனாலும் ஒண்ணுதான். இந்த மாடல்ல ஆன்ல தான் இருக்குண்ணா, முடியாதுண்ணான்னு சொன்னேன். ஏன், போர்டு கஸ்டமரோடது தானேன்னு கேட்டாரு. ஆமாண்ணான்னேன், அதுக்கு மேல என்னால எதுவும் சொல்ல முடியல.

போன வாரம் போன் பண்ணாரு, பழைய மூணாம் தலைமுறை போர்டு மூணு வந்திருக்கு, ஸ்க்ராப்புக்கு போடாம உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், ராஸ்பெர்ரி பையை எடுத்துட்டு வான்னு. சனிக்கிழமை போறேன், கடைப்பையனுக்கும் மேக் அடிக்க கத்துக்குடுக்கணுமாம்.